ஸ்கேலில் ஏறிய அழகமுத்து

அழகமுத்துவுக்கு அந்த வேலை கிடைத்ததற்கு ஒரே காரணம் அவன் உடம்பு சின்னது என்பதுதான். அம்பிட்டிய பாதையில் ஒரு வளைவுக்குக் கீழே அந்த நாளில் பெரியதொரு நீராவிச் சலவைச்சாலை இருந்தது. கண்டி ஹோட்டல்களின் படுக்கை விரிப்பெல்லாம் அங்கேதான் வெளுத்தது. நீராவிக்கு ஒரு பொயிலர், பொயிலரின் வயிற்றில் ஆள் இறங்க ஒரு ஓட்டை. அந்த ஓட்டைக்குள் நுழையத்தக்க ஆளைத் தேடினார்கள். வேலை கேட்டு வந்து நின்ற ஏழு பேரில் இவன் ஒருவன்தான் தோள் இடிக்காமல் உள்ளே போய் வெளியே வந்தான். அன்றைக்கே சேர்த்துக்கொண்டார்கள். அது ஐம்பத்தொன்பதாம் ஆண்டு.

சலவைச்சாலைக்குத் தண்ணீர் மலையடி ஊற்றிலிருந்து வந்தது. அந்தப் பக்கம் நிலத்துக்கடியில் சுண்ணாம்புக் கல். குடிக்கும்போது ஒன்றும் தெரியாது, கொதிக்க வைத்தால்தான் தண்ணீர் தன் குணத்தைக் காட்டும். உள்ளே கரைந்திருந்த சுண்ணாம்பு இரும்பில் ஒட்டிப் படை படையாக ஏறிக் கல்லாகிவிடும். நாலு மாதத்தில் விரற்கடைத் தடிப்பு. அதைச் சுரண்டாமல் விட்டால் இரும்பு சூட்டில் உப்பி ஒருநாள் வெடிக்கும். அதனால் நாலு மாதத்துக்கு ஒருதரம் அடுப்பை அணைத்து ஆறவிட்டு, அழகமுத்துவைக் கூர்ச்சுத்தியலோடு உள்ளே இறக்குவார்கள். ஐந்து நாள், ஆறு நாள் அடிப்பான். வெளியே வரும்போது தலைமயிர், புருவம், கண்ணிமை எல்லாம் வெள்ளை. மற்ற நாட்களில் விறகு தூக்குவான், விறகுக் கொட்டிலிலேயே படுப்பான். பதினொரு வருட அடியில் வலது காது செத்துப்போனது. அதை யாரும் ஒரு விஷயமாக எடுக்கவில்லை, அவனும் எடுக்கவில்லை.

அவன் சுரண்டியதற்கு நம் ஆட்கள் காரை என்றார்கள். சிங்களவர்கள் ஹுணு என்றார்கள். அப்போது இஞ்சினியராக இருந்த வெள்ளைக்காரர் அதை 'பர்' என்பார். கேத்தலுக்குள் பிடிக்கிற காரைக்கு அவர்கள் ஊரில் அதுதான் பேராம், பூனையின் மெல்லிய மயிருக்கும் அதே சொல்தானாம். கல்லுக்கும் மயிருக்கும் ஒரே பேர் வைக்கிற பாஷையை நம்பி இந்த ஊரில் எத்தனை பேர் வாழ்ந்தார்கள் என்று நினைத்தால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. வெள்ளைக்காரர் ஓட்டைக்குள் தலையை விட்டு, "பர் பினிஷ்?" என்று கேட்பார். "பர் பினிஷ், சேர்" என்பான் அழகமுத்து. இங்கிலீஷில் கேள்வி கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிற விறகுக்காரன் கண்டியில் தான் ஒருவன்தான் என்று அவனுக்கு உள்ளூர ஒரு கர்வம்.

அறுபத்தொன்பது கடைசியில் வெள்ளைக்காரர் கப்பல் ஏறினார். கொழும்பில் படித்த புது இஞ்சினியர் வந்தார். அவர் புத்தகத்தில் அதற்குப் பேர் 'ஸ்கேல்'. சொல் மாறிய சங்கதியை அழகமுத்துவுக்கு யாரும் சொல்லவில்லை. சுரண்டுகிறவனுக்குச் சொல் எதற்கு?

ஸ்கேல் என்ற சொல்லை அவன் கேட்காதவனா என்றால், பதினொரு வருடமாக ஒவ்வொரு நாளும் கேட்டவன். அங்கே ஆட்கள் இரண்டு சாதி. நாட்சம்பளக்காரர் ஒன்று, 'ஸ்கேலில் இருப்பவர்' மற்றது. ஸ்கேலில் இருப்பவருக்கு மாதச் சம்பளம், வருடா வருடம் ஏற்றம், லீவு. எல்லாவற்றுக்கும் மேலே, பின்சரிவில் தகரம் போட்ட குவாட்டர்ஸ் வீடு. "அவனை ஸ்கேல்ல போட்டுட்டாங்க" என்று யாரைப் பற்றியாவது பேச்சு வந்தால், கேட்கிறவன் பெருமூச்சு விடுவான். மொத்தம் எட்டு வீடு. எழுபதாம் ஆண்டு தொடக்கத்தில் அதில் ஒன்று காலியாக இருந்தது. அழகமுத்து விறகு தூக்கிக்கொண்டு போகும்போதெல்லாம் அதன் பூட்டைப் பார்த்துக்கொண்டு போவான்.

அவன் மனைவி வடிவம்மா தெல்தோட்டையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தாள். தோட்டத்தில் அவன் பேரை எப்போதோ வெட்டிவிட்டார்கள். கணக்கப்பிள்ளையை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியதற்குக் கூலி அது. அவள் பேர் மட்டும் பதிவில் நின்றது. தோட்டத்தில் பேர் இருக்கிறவருக்குத்தான் லயம் என்கிற வரிசைக் குடியிருப்பில் காம்பிரா. அவள் பேரால் அந்த ஒற்றை அறை, அந்த அறையால் அவர்கள் குடும்பம். அழகமுத்து இரண்டு கிழமைக்கு ஒருதரம் சனிக்கிழமை பஸ்ஸில் போவான், ஞாயிறு பின்னேரம் திரும்புவான். கட்டின பெண்டாட்டி வீட்டுக்கு விருந்தாளியாகப் போய் வந்தான். அவர்களுடைய ஒரே பிள்ளை மூன்று வயதில் காய்ச்சலில் போனது. சேதி கொண்டுவந்தவன் பொயிலருக்கு வெளியே நின்று கத்தியிருக்கிறான், உள்ளே சுத்தியல் சத்தத்தில் இவனுக்குக் கேட்கவில்லை. போய்ச் சேரும்போது அடக்கம் முடிந்துவிட்டது. வடிவம்மா அவனைத் திட்டவில்லை. "இனி எது வந்தாலும் ஒரே கூரைக்குக் கீழ இருந்து பாத்துக்குவோம்" என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு இந்த உலகத்தில் அழகமுத்துவுக்கு வேண்டியிருந்தது அந்த ஒன்றுதான்.

மார்ச் கடைசியில் அலுவலகச் சுவரில் ஒரு தாளை ஒட்டினார்கள். இங்கிலீஷில் டைப் அடித்த தாள். அதில் தன் பேரும் இருக்கிறது என்று யாரோ சொல்ல, அழகமுத்து கிளாக்கர் சேதுராமனிடம் போய் நின்றான்.

சேதுராமனைப் பற்றியும் சொல்லவேண்டும். கண்டி டவுனில் கடை வைத்திருந்த குடும்பம். கடை நொடித்த பிறகு இங்கே கிளாக்கராக வந்தவர். பெரிய பரீட்சை ஒன்றுக்கு மூன்று தரம் இருந்து மூன்று தரமும் கோட்டை விட்டவர். மேசையில் தடித்த இங்கிலீஷ் அகராதி ஒன்று வைத்திருப்பார். தெரியாதவனிடம் தெரிந்ததைக் காட்டுவதுதான் அவருக்கு மிஞ்சியிருந்த சந்தோஷம்.

தாளின் தலைப்பில், சித்திரை லீவுக்குப் பிறகு நடக்கும் துப்புரவு வேலைகள் என்று இருந்தது. அதைச் சேதுராமன் வாசிக்கவில்லை. அழகமுத்து தன் பேர் எங்கே என்றுதான் கேட்டான். அவர் விரலை வைத்துக் காட்டினார்.

"இந்தா, அழகமுத்து. நேரா ஸ்கேல்னு போட்டிருக்கு. ஏப்ரல் இருபதாந்தேதியில இருந்து."

அழகமுத்து அந்தச் சொல்லை விரலால் தொட்டுப் பார்த்தான். பிறகு கையெடுத்துக் கும்பிட்டான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தக் கணத்தில்தான் சேதுராமனுக்கு விளங்கியது, இவன் எதை எதுவாக நினைத்துவிட்டான் என்று. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். அவருக்குச் சிரிப்பு வந்தது. இந்தக் கூத்து எதுவரைக்கும் போகும் என்று பார்க்கலாமே என்று அவருக்குத் தோன்றியது. "இனியென்ன, பெரிய ஆள்தான்" என்றார். மறுநாள் அழகமுத்து டவுனிலிருந்து வாங்கி வந்த வடையை அலுவலகம் முழுக்கத் தின்றது. சேதுராமன் மூன்று தின்றார். மற்ற கிளாக்கர்களுக்கும் அவர் காதோடு காதாகச் சொல்லிவிட்டார், அவர்களும் வாயைப் பொத்திக்கொண்டு தின்றார்கள். பூனைக்குக் கொண்டாட்டம் எலிக்குத் திண்டாட்டம்.

சந்தேகப்பட்டவன் ஒருவன்தான், பம்ப் பார்க்கிற பாரூக். அவன் பேரும் அந்தத் தாளில் இருந்தது. இருவரும் பத்து வருடமாக ஒரே சோற்றுப்பொட்டலத்தைப் பிரித்துத் தின்கிற சிநேகிதர்கள். பாரூக் அழகமுத்துவை விறகுக் கொட்டிலுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனான்.

"மச்சான், ஸ்கேல்ல போட்டா கையில கடிதம் தருவாங்க, சைன் வாங்குவாங்க. ஒனக்குத் தந்தாங்களா? என்ட பேருக்கு நேர பம்ப் என்று போட்டீக்கி. அதுக்காக பம்ப் எனக்குச் சொந்தமா?"

இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஆசை பிடித்த காதில் அது ஏறவில்லை. உனக்கு ஸ்கேல் கிடைக்கவில்லை, அதனால் வயிறு எரிகிறது என்று அழகமுத்து சொல்லிவிட்டான். பாரூக் பம்ப் பார்க்கப் போய்விட்டான். அன்றிலிருந்து தனியாக உட்கார்ந்து தின்றான். அழகமுத்து மட்டும் மனம் கேட்காமல் மறுபடி சேதுராமனிடம் போய், குவாட்டர்ஸ் சாவி எப்போது தருவார்கள் என்று கேட்டான். தாளில் என்ன இருக்கிறதோ அதுதான், லீவு முடியட்டும் என்றார் சேதுராமன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்று பிற்பாடு அவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

சனிக்கிழமை வருமுன்பே அழகமுத்து லீவு கேட்டுக்கொண்டு தெல்தோட்டைக்குப் போனான். லய வாசலில் நின்றே சொன்னான். வடிவம்மா முதலில் நம்பவில்லை. கொழுந்துக்கூடையை இறக்காமலே நின்று கேட்டாள்.

"ஸ்கேல்னா என்னாங்க?"

"அதுல போட்டுட்டா நம்மள யாரும் வெரட்ட முடியாது. வீடு குடுப்பாங்க. பதிவுல ஒன் பேர் என் பேர்னு ஒண்ணும் வேணாம்."

சாவி கைக்கு வரட்டும், அதுவரைக்கும் என் பேர் இருக்கட்டும் என்று அவள் சொல்லத்தான் செய்தாள். பெண்புத்தி பின்புத்தி என்று யார் சொன்னானோ, அவனை இங்கே கொண்டுவந்து நிறுத்தவேண்டும். அழகமுத்துவுக்குப் பொறுமை இல்லை. பதினொரு வருடம் பொறுத்தவன் பதினொரு நாள் பொறுக்கவில்லை. இருபதாம் தேதி ஸ்கேலில் ஏறும்போது பெண்டாட்டி பக்கத்தில் இல்லாவிட்டால் வீட்டை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று பயம் காட்டினான். அவளும் எத்தனை நாள்தான் தனியாகக் கிடப்பாள்? தோட்டத்து ஆபீசில் போய்ப் பேரை வெட்டச் சொன்னாள்.

தோட்டத்தில் ஆள் குறைக்கிற காலம். கேட்காமலே வெட்டக் காத்திருந்தவர்களுக்கு இது கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி. நாலே நாளில் பத்துச்சீட்டைக் கையில் கொடுத்தார்கள். தோட்டத்தை விட்டுப் போகிறவருக்குக் கொடுக்கிற விடுதலைச் சீட்டு அது. அதை வாங்கியவர் மறுபடி வந்து பேர் பதிவது குதிரைக்கொம்பு. காம்பிராவைப் பக்கத்து லயத்துப் புதுமாப்பிள்ளை ஒருவனுக்கு அன்றைக்கே எழுதிவிட்டார்கள். வடிவம்மா பிள்ளையைப் புதைத்த இடத்துக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள். சித்திரை பிறந்து ஏழாம் நாள் விடியற்காலை இருவரும் ஒரு தகரப் பெட்டி, ஒரு பாய், இரண்டு சட்டி, ஒரு அம்மிக்கல்லோடு பஸ் ஏறினார்கள். அம்மிக்கல் எதற்கு என்று கண்டக்டர் கத்தினான். புது வீட்டுக்கு என்றான் அழகமுத்து, பஸ் முழுக்கக் கேட்கும்படி.

இருபதாம் தேதி காலை எட்டு மணிக்கு அலுவலக வாசலில் பெட்டியை இறக்கிவைத்துவிட்டு அவன் உள்ளே போனான். வடிவம்மா வெளியே பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். புதுச்சேலை உடுத்தியிருந்தாள்.

சேதுராமன் ஜன்னல் வழியாக அந்தப் பெட்டியையும் அம்மியையும் பார்த்தார். அவர் முகம் ஒரு கணம் வெளுத்தது உண்மை. கூத்து இவ்வளவு தூரம் போகும் என்று அவர் நினைக்கவில்லை. மனிதர் அங்கேயாவது தலையைக் குனிந்து மன்னிப்புக் கேட்டிருக்கலாம். பக்கத்து மேசையில் இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் குனிய அவருக்கு மனம் வரவில்லை. அகராதியை எடுத்து விரித்தார்.

"இங்க பாரு அழகமுத்து. இங்கிலீஷ்ல ஸ்கேல்னா ஒண்ணு ரெண்டு இல்ல. மீன் செதிலுக்கும் ஸ்கேல். நிறுக்கிற தராசும் ஸ்கேல். பிள்ளைங்க கோடு போடுற மட்டமும் ஸ்கேல். சம்பளப் படியும் ஸ்கேல். கடைசியா இந்தா, கேத்தல்லயும் பொயிலர்லயும் பிடிக்கிற காரை. அதுவும் ஸ்கேல்தான். உனக்குப் போட்டது இது."

பக்கத்து மேசையில் ஒருவன் இருமுகிற மாதிரி சிரித்தான்.

"வாசிச்சுத் தாங்கன்னு கேட்ட, வாசிச்சுத் தந்தேன். அர்த்தம் நீயா எடுத்துக்கிட்ட."

அழகமுத்து அகராதியைப் பார்த்தான். எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. கேட்கிற காதைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்து, காரையையா, அந்தக் காரையையா சொல்கிறீர்கள் என்று இரண்டு தரம் கேட்டான். வெளியே இருக்கிறவள் பேரை வெட்டிவிட்டு வந்திருக்கிறாள் என்றான். இஞ்சினியர் துரையிடம் ஒரு வார்த்தை சொல்லித்தாருங்கள், நான் போய்க் காலில் விழுகிறேன் என்றான். அதைக் கேட்டதும் சேதுராமனுக்குத் தன் கிளாக்கர் கதிரை ஆடுகிற பயம் வந்துவிட்டது. வடைக் கதை இஞ்சினியர் காதுக்குப் போனால் தன் பாடு என்ன? துரையிடம் போகாதே, குவாட்டர்ஸ் சாவிக்குப் பெட்டியோடு வந்து நின்றாய் என்று தெரிந்தால் உள்ள வேலையும் போய்விடும் என்று அவனைப் பயமுறுத்தி நிறுத்தினார். உள்ளதும் போச்சுடா நொள்ளைக் கண்ணா என்று அப்போது பக்கத்து மேசைக்காரன் மெதுவாகச் சொன்னான். செத்த காதுப் பக்கமிருந்து சொன்னதால் அது அழகமுத்துவுக்குக் கேட்கவில்லை. அவனுக்குக் கிடைத்த ஒரே நல்லது அதுதான்.

வெளியே வந்தான். வடிவம்மா எழுந்து நின்றாள், சாவிக்காகக் கையைக்கூட நீட்டிவிட்டாள். சொல் பிழையாகிப்போச்சு என்றான். எந்தச் சொல், எப்படிப் பிழையானது என்று அவள் கேட்டாள். அவன் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டான். வெட்கம் அவன் நாக்கைக் கட்டிவிட்டது. பதினொரு வருடம் தன் கையால் அடித்து உதிர்த்த சாமானின் பேரை நம்பி அவள் கூரையைப் பிடுங்கினேன் என்று எப்படிச் சொல்வான்?

இரண்டு நாள் பாரூக் வீட்டில் கிடந்தார்கள். பாரூக் பழசை ஒன்றும் எடுக்கவில்லை, அவன் மனைவி றம்லத் தன் பிள்ளைகளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டு இடம் கொடுத்தாள். அது அழகமுத்துவுக்கு அடியைவிட வலித்தது. தெல்தோட்டைக்கு ஒருதரம் போய்ப் பார்த்தார்கள். பத்துச்சீட்டைக் காட்டி, இதை யார் கேட்டு வாங்கியது என்று ஆபீசில் கேட்டார்கள். நான்தான் என்றாள் வடிவம்மா. பிறகு என்ன என்று கதவைச் சாத்தினார்கள்.

மூன்றாம் நாள் சேதுராமனே ஒரு வழி சொன்னார். அவர் மனைவி இராஜகுமாரிக்கு வீட்டோடு இருந்து சமையல், துணி பார்க்க ஒரு பொம்பிளை வேண்டுமாம். சாப்பாடு, குசினியில் படுக்க இடம், வருடத்துக்கு இரண்டு சேலை. அழகமுத்துவுக்கு அங்கே இடமில்லை, ஞாயிற்றுக்கிழமை பின்வாசலில் வந்து பார்த்துவிட்டுப் போகலாம். அந்த மனிதர் இதை ஒரு தருமமாக நினைத்தார். கடைசிவரைக்கும் அப்படித்தான் நினைத்தார். தன் பேரில் தனக்கென ஒரு அறை வைத்திருந்த வடிவம்மா சேதுராமன் வீட்டுக் குசினியில் பாய் விரித்தாள். அம்மிக்கல்லை அங்கேயும் வேண்டாம் என்றார்கள். அதைப் பாரூக் வீட்டு முற்றத்தில் போட்டார்கள்.

அதே கிழமை அழகமுத்து பொயிலருக்குள் இறங்கினான். அந்த முறை அவன் அடித்த அடி வெளியில் நின்றவர்களுக்கே காது கூசியதாம். ஐந்து நாள் வேலையை மூன்று நாளில் முடித்தான். புது இஞ்சினியர் டோர்ச் அடித்து உள்ளே பார்த்தார். நல்ல மனிதர்தான், ஒன்றும் தெரியாத நல்ல மனிதர்.

"ஸ்கேல் பினிஷ்?" என்று கேட்டார்.

வெள்ளைத் தூசிக்குள்ளிருந்து சுத்தியலைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"ஸ்கேல் பினிஷ், சேர்."

சித்திரை போய் வைகாசியும் போனது. ஞாயிறுதோறும் அவன் சேதுராமன் வீட்டுப் பின்வாசலில் போய் நின்றான். முன்பு இரண்டு கிழமைக்கு ஒருதரம் ஒரு ராத்திரியாவது தன் வீட்டில் தங்கினான். இப்போது வாரத்துக்கு ஒரு மணி நேரம், நின்றபடி. முன் விறாந்தையில் சாய்ந்திருக்கும் சேதுராமன், வந்திருக்கும் சிநேகிதர்களுக்குக் கேட்கும்படி, "என்ன அழகமுத்து, ஸ்கேல் எப்படி?" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அது அந்த வீட்டு வழக்கமாகிவிட்டது. அவன் குனிந்துகொண்டு பக்கவாட்டால் போய்விடுவான். வடிவம்மா ஒவ்வொரு ஞாயிறும் அதைக் கேட்பாள், ஒவ்வொரு ஞாயிறும் அவனிடம் விளக்கம் கேட்பாள், அவன் வேறு பேச்சு எடுப்பான்.

ஆனி மாதத்து ஞாயிறு ஒன்றில் அவள் பின்படியில் உட்கார்ந்து கேத்தலைக் கவிழ்த்து வைத்து, கரண்டிக் காம்பால் உள்ளே சுரண்டிக்கொண்டிருந்தாள். சேதுராமன் வீட்டிலும் அதே ஊற்றுத் தண்ணீர்தான். தேத்தண்ணியில் பொட்டுப் பொட்டாக வெள்ளை மிதக்கிறது என்று இராஜகுமாரி ஏசியிருந்தாள். முன்னாலிருந்து வழக்கமான சிரிப்புச் சத்தம் எழுந்து அடங்கியது.

"எல்லாரும் சிரிக்கிறாங்க. எனக்கு மட்டும் தெரியாது" என்றாள் வடிவம்மா. "இன்னைக்காவது சொல்லுங்க. எந்த ஸ்கேலுக்காக நான் என் பேர வெட்டினேன்?"

அழகமுத்து அவள் முன்னால் குந்தினான். கேத்தலை வாங்கித் தட்டினான். வெள்ளைச் செதிலாகக் கொஞ்சம் அவள் உள்ளங்கையில் உதிர்ந்தது.

"இதுக்குத்தான் வடிவு" என்றான். "இதுதான் ஸ்கேல்."

அவள் கையையும் அவன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். கேத்தலிலிருந்து பறந்த அதே வெள்ளை அவன் புருவத்தில் ஒட்டியிருந்தது. உள்ளே இருந்து இராஜகுமாரி கேத்தலுக்குக் கூப்பிட்டாள். வடிவம்மா கையிலிருந்ததைச் சேலைத் தலைப்பில் கொட்டி முடிந்துகொண்டு, கேத்தலைக் கழுவி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அடுத்த ஞாயிறு அவன் வந்து நின்றபோது, வடிவம்மாவுக்கு வேலை இருக்கிறதாம், இனிமேல் வரவேண்டாமாம், அவளே அப்படிச் சொல்லச் சொன்னாளாம் என்று பின்வாசலில் இராஜகுமாரி வந்து சொன்னாள்.